கணக்குப்பிள்ளை வேலையிலிருந்து உயர் நீதிமன்றம் வரை: தி. முத்துசாமி ஐயரும் தஞ்சைக் கச்சேரியும்

(தஞ்சாவூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மை செய்த எழுத்து வடிவம். மேடையில் பேசிய சில கிளைக்கதைகள் நீக்கப்பட்டுள்ளன.)



சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி தஞ்சை ஜில்லாக்காரர். 1832இல் உச்சுவாடியில் பிறந்து, திருவாரூரில் வளர்ந்தவர். சர் தி. முத்துசாமி ஐயர். உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் அவருடைய பளிங்குச் சிலையைப் பார்த்திருப்பீர்கள். தலைப்பாகையும் அங்கியும் உண்டு, காலில் மட்டும் செருப்பு கிடையாது. அந்தச் சிலையைப் பார்த்ததும் நம் எல்லோருக்கும் நினைவு வருவது ஒரே கதை: ஏழைப் பையன், தெருவிளக்கில் படித்தான், ஜட்ஜ் ஆனான்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். முத்துசாமி ஐயரை உண்டாக்கியது தஞ்சை ஜில்லாவின் கணக்கும் கச்சேரியும். ஊர்க் கணக்கு, தாலுகா கச்சேரி, கலெக்டர் அலுவலகத்துப் பதிவறை, முன்சீப் கோர்ட்டு என்று படிப்படியாக ஏறிய ஒரு வருவாய்த்துறை மூளை அவருடையது. நீதிபதி அங்கி அதன் மேல் பின்னால் வந்து விழுந்தது. தெருவிளக்குக் கதையைச் சொல்லிச் சொல்லி இதை நாம் மறந்துவிட்டோம். ஆறு குறிப்புகளாகச் சொல்கிறேன். எல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் அந்த விளக்கு

கதை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். அவர் திருவாரூரில் சிறுவனாக இருந்தது 1840கள். தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களுக்கே நகராட்சி வந்தது 1866இல். அதற்கு இருபது ஆண்டு முன்னால் திருவாரூர்த் தெருவில் விளக்குக் கம்பம் நட்டு எண்ணெய் ஊற்றியது யார்? சென்னையில் படித்த நாட்களில் நடந்தது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். இதே கதையைக் கல்கத்தாவில் ஈசுவர சந்திர வித்யாசாகரைப் பற்றியும் சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழையாகப் பிறந்து பெரியவரான எவரையும் தெருவிளக்கு விட்டுவைக்கவில்லை!

இந்தக் கதையில் எனக்குள்ள மனக்குறை வேறு. அதில் பையனும் விளக்கும் மட்டும்தான் இருக்கிறார்கள். அவனுக்கு வேலை கொடுத்தவர், பள்ளிக்கு அனுப்பியவர், தேர்வு வைத்தவர், சம்பளம் போட்டவர் ஒருவரும் இல்லை. ஓர் ஆட்சி முறையின் வரலாறு தனியொருவரின் தவமாகச் சுருங்கிவிடுகிறது.

2. மாதம் ஒரு ரூபாய்

தந்தை வேங்கட நாராயண சாஸ்திரி சீக்கிரமே காலமானார். தாய் பிள்ளையை அழைத்துக்கொண்டு திருவாரூர் வந்தார். பையன் ஊர்க் கணக்கருக்குக் கீழ் எழுத்து வேலைக்குச் சேர்ந்தான். சம்பளம் மாதம் ஒரு ரூபாய். வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் இந்த ஒரு ரூபாயைக் கண்ணீரோடு குறிப்பிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. நான் இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

அந்தக் காலத்துத் தஞ்சை ஜில்லாவில் ஊர்க் கணக்கு எழுதுகிற ஒருவனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? வேலிக்கு இருபது மா, மாவுக்கு நூறு குழி என்ற அளவைக் கணக்கு முதல் பாடம். அடுத்தது, எந்த நிலம் யார் பேரில், அதில் இந்தப் பசலியில் என்ன பயிர், எவ்வளவு சாவி, எவ்வளவு விளைச்சல். நஞ்சையா புஞ்சையா. தலைமடையா கடைமடையா. தீர்வை கட்டியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு. இதெல்லாம் எந்த ஜில்லாவிலும் உள்ளதுதான்.

தஞ்சைக்கே உரிய சிக்கல் மிராசு. ஊர் முழுவதும் ஒருவருக்கே என்றால் ஏகபோகம். பங்கை நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டால் அறுதிக்கரை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு நிலத்தை மாற்றிக்கொண்டால் கரையீடு. கரையீட்டு ஊரில் இவருக்கு இந்த வயல் சொந்தம் என்று சொல்லவே முடியாது. இவருக்கு இத்தனை பங்கு சொந்தம் என்றுதான் சொல்லலாம். பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம், கோயிலுக்கு எழுதி வைக்கலாம். பங்கோடு சேர்ந்து மனைக்கட்டும், திடலும், குளத்து மீனும், வாய்க்கால் தண்ணீரும் வரும். இன்ன பங்குக்கு இன்ன நாள் தண்ணீர் என்று முறை உண்டு. இதற்குள் பங்காளிச் சண்டை, அதற்குள் தத்து எடுத்த சண்டை.

சொத்து என்றால் என்ன, உரிமை என்றால் என்ன, அனுபவ பாத்தியம் என்றால் என்ன என்று லண்டன் இன்ஸ் ஆஃப் கோர்ட்டில் புத்தகத்தில் படிக்கிற பாடத்தைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் திருவாரூரில் ஓலையிலும் காகிதத்திலும் எழுதிப் பழகியிருக்கிறான். அதுவும் தினமும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சட்டக் கல்லூரி அன்றைக்கு இந்த மாகாணத்தில் இருந்ததில்லை.

திருவாரூர்த் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் இந்தப் பையனைக் கவனித்த கதையும் வாழ்க்கை வரலாறுகளில் இருக்கிறது. ஓர் இடத்தில் உடைப்பெடுத்துவிட்டது என்று செய்தி வருகிறது. தாசில்தார் தேடிய எழுத்தர் கச்சேரியில் இல்லை, இந்தப் பையன்தான் இருந்தான். அவனையே போய்ப் பார்த்து வரச் சொல்கிறார். பையன் திரும்பி வந்து வெறுமனே “உடைப்பு பெரிது” என்று சொல்லவில்லை. எவ்வளவு அகலம், அடைக்க என்ன சாமான் வேண்டும், அதில் பக்கத்து ஊர்களில் கிடைப்பது எவ்வளவு என்று விவரமாகச் சொன்னான் என்கிறார்கள்.

காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை என்று புரியும். உடைப்பைக் கட்டத் தாமதமாகும் ஒவ்வொரு நாழிகைக்கும் கீழே வயல் மணல் மேடாகும். மூங்கில் முளை, வைக்கோல் பிரி, தழை, மண் சுமக்க ஆள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். ஆள் வந்து முளை வராவிட்டாலும் பயனில்லை, முளை வந்து ஆள் வராவிட்டாலும் பயனில்லை. இது தெரிந்த தாசில்தார் பையனின் தகவலில் எதைக் கண்டார்? கேட்டதற்குப் பதில் சொல்வதைத் தாண்டி, முடிவெடுக்க என்ன தேவையோ அதைக் கண்டறிந்து வருகிற புத்தியைக் கண்டார். பிற்காலத்தில் தீர்ப்பு எழுதியதும் அந்தப் புத்திதான்.

நாயக்கர் அவனை நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியில் சேர்த்தார். பிறகு சென்னைக்கு அனுப்பினார். அங்கே அவன் படித்த பள்ளிக்குப் பவல் துரை தலைமையாசிரியர். 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் ஐந்நூறு ரூபாய் பரிசு. ஒரு ரூபாய்க்காரனுக்கு அது நாற்பது ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல்!

3. ஏணியின் படிகள்

பரிசு வாங்கியவர் நேரே கோர்ட்டுக்குப் போய்விடவில்லை. தஞ்சாவூர்க் கலெக்டர் அலுவலகத்தில் பதிவறைக் காப்பாளராக வந்தார். பிறகு பள்ளிகளின் துணை ஆய்வாளர். வக்கீல் தேர்வு எழுதித் தேறி, 1856இல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப். தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி விலைக்கு வாங்கிப் பதினோரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தஞ்சை ஜில்லா நீதிபதியாக இருந்த பீச்சம், அவருடைய கோர்ட்டைத் தணிக்கை செய்துவிட்டு, தனக்குச் சமமாக நீதியாசனத்தில் உட்காரத் தக்கவர் இவர் என்று பாராட்டியதாகச் சொல்வார்கள்.

1859இல் திரும்பவும் வருவாய்த்துறை, தஞ்சாவூரிலேயே டெப்டி கலெக்டர். இந்த ஆண்டைக் கவனியுங்கள். மாகாணம் முழுவதும் இனாம் ஆணையம் வேலையைத் தொடங்கிய காலம் அது. கோயில் மானியம், மட மானியம், அக்ரகார மானியம் ஒவ்வொன்றுக்கும் எந்த அரசர் கொடுத்த சாசனம், யார் அனுபவிக்கிறார், பாத்தியம் செல்லுமா என்று துருவினார்கள். நாயக்கரும் மராட்டியரும் அள்ளிக் கொடுத்த தஞ்சை மண்ணில் இந்த வேலை எத்தகையது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1865இல் தென் கன்னடத்தில் துணை நீதிபதி. 1868இல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். உயர் நீதிமன்றத்து ஐரோப்பிய நீதிபதி ஒருவர் தன் வளாகத்துக்குள் நுழைந்த ஓர் இந்தியரை அடித்துவிட, அவருக்கே சம்மன் அனுப்பி மூன்று ரூபாய் அபராதம் போட்ட கதை இந்தக் காலத்தையொட்டியது. 1871இல் ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதி. இதற்கு நடுவில் பி.எல். பட்டம். முன்சீப் வேலை பார்த்துப் பல வருடம் கழித்துச் சட்டப் பட்டம் வாங்குவது அந்தக் காலத்தில் விசித்திரம் இல்லை.

4. மூன்றாவது கதவு

இப்போது கொஞ்சம் சட்டம். 1861ஆம் ஆண்டு உயர் நீதிமன்றச் சட்டம், நீதிபதிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பாரிஸ்டர்கள், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு சிவிலியன்கள், அதாவது சிவில் சர்வீஸ் அதிகாரிகள், என்று வைத்தது. பாரிஸ்டர் ஆக லண்டன் போக வேண்டும், சிவிலியன் ஆகவும் லண்டனில் தேர்வு எழுத வேண்டும். கடல் தாண்டாதவனுக்கு மிச்சமிருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, பத்து ஆண்டு உயர் நீதிமன்ற வக்கீலாக இருக்க வேண்டும். மற்றது, பிரின்சிபல் சதர் அமீன் அல்லது ஸ்மால் காஸ் நீதிபதி அந்தஸ்துக்குக் குறையாத பதவியில் ஐந்து ஆண்டு இருந்திருக்க வேண்டும். கல்கத்தாவில் முதல் இந்திய நீதிபதியாக 1863இல் அமர்ந்த சம்புநாத் பண்டிதர் வக்கீலாக இருந்தவர். நம்மவர் கீழ்க் கோர்ட்டு வழியாக வந்தார். 1877இல் தற்காலிகமாகவும், 1878இல் நிலையாகவும்.

உடனே சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் கொதித்தன. இந்திய நீதிபதிக்கு ஐரோப்பியருக்குச் சமமான சம்பளமா என்பதும் அவர்களது கேள்விகளில் ஒன்று. இதற்குப் பதில் சொல்ல நம்மிடம் ஏடு இல்லையே என்று திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி 1878 செப்டம்பர் 20 அன்று எண்பது பிரதி அச்சிட்டார்கள். அதுதான் ‘தி ஹிந்து’. அந்த வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. எனக்கு அதில் பிடித்த விவரம் வேறு. ஆறு பேரில் முதல்வரான ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றுக்காரர். அவர் தந்தை திருவையாறு முன்சீப் கோர்ட்டில் வக்கீல். அதாவது, தரங்கம்பாடி முன்சீப்பாக இருந்தவருக்குப் பரிந்து பேச வந்தவர் இன்னொரு முன்சீப் கோர்ட்டு வாசலில் வளர்ந்த பிள்ளை. இருவரையும் ஒரே கச்சேரி உலகம் ஈன்றது.

அந்த உலகம் உயர் நீதிமன்றத்துக்கு என்ன கொண்டு போனது? ஓர் எடுத்துக்காட்டு போதும். 1879இல் சம்மந்த பண்டாரம் வழக்கு. கேள்வி: மடாதிபதி வாங்கிய கடன் அடுத்து வருகிற மடாதிபதியைக் கட்டுப்படுத்துமா? மடம் எப்படித் தோன்றுகிறது, குருவிடம் சீடர்கள் எப்படிச் சேர்கிறார்கள், குடும்பச் சொத்தை விட்டுவிட்டு வருகிறவன் எந்த உரிமையில் மடத்துச் சொத்தை ஆள்கிறான் என்றெல்லாம் விளக்கிவிட்டு உயர் நீதிமன்றம் முடிவு சொன்னது. சொத்து பதவியைச் சார்ந்தது. மடாதிபதிக்குப் பரந்த அதிகாரம் உண்டு, ஆனால் மடத்தின் நோக்கத்துக்கு வெளியே செலவழிக்க முடியாது. மடத்துக்காக வாங்கிய கடன், வாரிசாக வருபவர் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு அவரையும் சேரும். இந்துச் சமய அறநிலையச் சட்டம் பற்றிப் பேசும் எவரும் இன்றும் இந்தத் தீர்ப்பைத் தொட்டுத்தான் போக வேண்டும்.

ஆங்கிலச் சட்டத்தில் ‘டிரஸ்டி’ என்பவர் உண்டு, முழு உடைமையாளர் உண்டு. நம்மூர்ப் பண்டார சந்நிதி இரண்டும் இல்லை. தருமபுரம், திருவாவடுதுறை, திருப்பனந்தாள் மடங்களின் நிலங்களுக்கு நடுவே வேலை பார்த்த ஒருவருக்கு இது விளக்க வேண்டாத விஷயம். அன்றைய சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்படிப்பட்ட நீதிபதி ஒருவர்தான் இருந்தார்.

5. ஏறாதவர்கள்

இத்துடன் நிறுத்தினால் இது தஞ்சைப் பெருமை பேசும் கூட்டமாக முடிந்துவிடும். ஆகவே இதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு ரூபாய் வேலை யாருக்குக் கிடைத்தது? எழுத்து தெரிந்த குடும்பத்துப் பையனுக்கு. கணக்கு வேலை பெரும்பாலும் பரம்பரை. முத்துசாமி ஐயருக்குக் காசு இல்லைதான், ஆனால் தந்தை பெயரிலேயே சாஸ்திரி இருந்தது. கைகொடுத்த தாசில்தார் வேறு சாதிக்காரர் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அவர் கைகொடுக்கும் தூரத்தில் நிற்பதற்கே ஒரு தகுதி தேவைப்பட்டது. அவர் எழுதிய கணக்கில் வேலியும் மாவும் இருந்தன. வயலில் இறங்கி உழுது நட்டு, உடைப்பில் மண் சுமந்த பண்ணையாளின் பெயருக்கு அந்தக் கணக்கில் பாத்தியதைப் பத்தி கிடையாது. பண்ணையாளுக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் இந்த ஜில்லாவுக்கு வந்தது 1952இல்.

மிராசுதாரரின் கணக்கு வழியாக நிலத்தை அறிந்த நீதிமன்றத்துக்கு மிராசுதாரர் தெரிந்த மனிதர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விசாரணை நீதிமன்றம் தண்டித்த மிராசுதாரர்களை மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதியான நிலக்கிழார்கள், காரில் போகிறவர்கள், தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பில் ஓடியது. முத்துசாமி ஐயருக்கும் அந்தத் தீர்ப்புக்கும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அதற்கு அவரைப் பொறுப்பாக்குவது அபத்தம். ஆனால் ஊரை எந்தக் கணக்கு வழியாகப் பார்த்துப் பழகுகிறோமோ, அதில் எழுதப்படாதவர்கள் சொல்வதை நம்பவும் நாம் பழகுவதில்லை. என் தலைப்பை நானே எடுத்துக்கொண்ட பிறகு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இதே ஏணியில் வேறொருவரும் ஏறினார். ஏ. வரதராசன் 1949இல் மாவட்ட முன்சீப்பாகச் சேர்ந்து, துணை நீதிபதி, மாவட்ட நீதிபதி என்று ஒவ்வொரு படியாக ஏறி, 1973இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் 1980இல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தலித் நீதிபதி அவர். அதே 1980இல்தான் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் வேலைக்குத் தேர்வு வந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயல்தான். அடிப்படி எல்லோருக்கும் திறந்த ஆண்டு என்று வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ளலாம்.

6. அவருக்குப் பின்

கடைசிக் குறிப்பு சிறியது. 1891இல் மலபார் திருமண ஆணையத்துக்குத் தலைமை, 1893இல் சர் பட்டம், அதே ஆண்டு தற்காலிகத் தலைமை நீதிபதி, 1895 ஜனவரியில் மறைவு. அந்த ஆண்டே நீதிபதியான ‘மணி ஐயர்’ என்ற எஸ். சுப்பிரமணிய ஐயர் வக்கீல். 1909இல் நீதிபதியான திருவிடைமருதூர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் வக்கீல். மயிலாப்பூர் வக்கீல்கள் தலையெடுத்தார்கள். உயர் நீதிமன்றத்துக்கு இந்தியர் போகும் பெருவழி வழக்கறிஞர் மன்றமாயிற்று. முன்சீப்பாகத் தொடங்கி மேலே போவது விதிவிலக்காகிவிட்டது. இன்றைக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மாவட்ட நீதித்துறையிலிருந்து வருவது வழக்கம். அந்தப் பங்கு போதுமா என்பது பற்றி இங்கே இருக்கும் வழக்கறிஞர்கள் என்னோடு தேநீர் வேளையில் சண்டை போடலாம். கிராமத்துச் சிட்டாவையும் அடங்கலையும் கையால் தொட்டவர்கள் உயர் நீதிமன்றத்தில் கூடுதலாக இருந்தால் நல்லது என்பது என் கட்சி.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு அமர்கிறேன். 1876இல் தொடங்கிய இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசையில் முதல் பதினெட்டுத் தொகுதிகளுக்குள் அவருடைய நீதிமன்ற வாழ்க்கை முழுவதும் அடங்கும். சட்டம் படித்தவர்கள் அவற்றைத் தத்துக்கும் வாரிசுரிமைக்கும் மடத்துக்கும் புரட்டியிருக்கிறார்கள். வாய்க்கால், மடை, கரை, பங்கு, தீர்வை பற்றிய வழக்குகளைத் தனியாகப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் அவர் எந்த ஆவணத்தை நம்பினார், எந்தச் சாட்சியைத் தள்ளினார் என்று அட்டவணை போடுங்கள். என் வாதம் சரியா தப்பா என்பது அதில் தெரிந்துவிடும். தப்பு என்று வந்தால், அடுத்த ஆண்டு இதே மேடையில் வந்து சொல்லுங்கள்.